கடைசிப் பொத்தான் யார் கையில்?

பெங்களூரு எச்ஏஎல் விமான நிலையத்தில் ஒரு புள்ளி, புதுச்சேரி விமான நிலையத்தில் ஒரு புள்ளி. வரைபடத்தில் இரண்டையும் அடிக்கோல் வைத்துச் சேர்த்தால், அந்தக் கோடு ஜவ்வாது மலையின் தெற்குச் சரிவைத் தொட்டுக்கொண்டு வரும். பிறகு கலசப்பாக்கத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே புகுந்து, செஞ்சிப் பக்கமாகக் கடலை நோக்கிப் போகும். 2022 பிப்ரவரி 19 அன்று ஹன்சா-என்ஜி என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்தது. கடல்மட்டத்தில் அதன் எஞ்சினும் இறக்கைகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதிப்பதற்கான பயணம் அது. தூரம் 140 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 259 கிலோமீட்டர். நேரம் ஒன்றரை மணி. நேர்கோட்டுத் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால், எங்கள் பக்கத்து வானத்தின் வழியாகத்தான் அது போயிருக்க வேண்டும்.

கலசப்பாக்கத்தில் செய்யாற்று மணலில் நிற்பவருக்கு இப்படியொரு சிறு விமானம் வெறும் வண்டு இரைச்சல். பர்வதமலைக்குப் பின்னாலிருந்து கேட்கத் தொடங்கும். கண்ணுக்கு மேல் கைவைத்துத் தேடுவதற்குள் கிழக்கே தேய்ந்துவிடும். உள்ளே இருப்பவருக்கோ அந்தச் சில நிமிடங்களில் வேலை அதிகம். கீழே மலை. மலைக்கு மேல் பகல் வெயிலில் கிளம்பும் காற்றுக் குலுக்கல். காதில் கட்டுப்பாட்டு அறையின் குரல். எரிபொருள் கணக்கு, அடுத்த திருப்பம், அடுத்து பேச வேண்டிய அதிர்வெண் எல்லாம் ஒரே தலைக்குள். அந்தத் தலையின் சுமையைக் குறைக்க வந்த ஒரு சிறிய ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: விமானத்தின் ரேடியோவையும் ஆட்டோபைலட்டையும் விமானியின் மடியில் இருக்கும் டேப்லெட்டோடு கம்பியில்லாமல் இணைப்பது.

ஹன்சா நம் நாட்டுப் பிள்ளை. பெங்களூரில் உள்ள சிஎஸ்ஐஆரின் தேசிய வான்வெளி ஆய்வகம், என்ஏஎல், வடிவமைத்தது. முதல் ஹன்சா 1993 நவம்பர் 17 அன்று பறந்தது. புதிய தலைமுறை ஹன்சா 2021 செப்டம்பர் 3 அன்று பறந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட 28 ஆண்டுகளில் உலகம் முழுவதும் விமானி அறையின் முகமே மாறிவிட்டது. முள் ஆடும் வட்ட மானிகள் போய்க் கண்ணாடித் திரைகள் வந்தன. ஹன்சா-என்ஜியிலும் திரைதான்.

அதற்கும் முன்னால் ஒரு காலம் இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தபோது, அவருடைய பஸ்மாத் விமானத்தில் ரேடியோவே கிடையாது. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்த நெவில் வின்சென்ட்டுக்கும் அதே நிலைதான். திசைகாட்டியும் காகித வரைபடமும் கண்ணும்தான் துணை. ஆறு, ரயில் பாதை, மலை எல்லாம் வழிகாட்டிகள். இன்றும் பயிற்சி விமானிகளுக்கு இதை முதலில் கற்றுத்தருகிறார்கள். திருவண்ணாமலையின் 2,668 அடி உயரத் தனி மலையைப் போல வானத்திலிருந்து பார்த்ததும் அடையாளம் தெரியும் இடம் இந்த வட்டாரத்தில் வேறு அதிகம் இல்லை.

பிறகு ரேடியோ வந்தது, ஆட்டோபைலட் வந்தது, ஜிபிஎஸ் வந்தது, கடைசியாக 2010க்குப் பின் டேப்லெட் வந்தது. ஆனால் நெடுநாள் வரை இவை ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர்களைப் போல இருந்தன. டேப்லெட்டுக்கு வழி தெரியும். ஆட்டோபைலட்டுக்கு அதைச் சொல்லாது. எந்த விமான நிலையத்துக்கு எந்த அதிர்வெண் என்பதும் டேப்லெட்டுக்குத் தெரியும், ரேடியோவுக்குச் சொல்லாது. நடுவில் செய்தி சுமந்தவர் விமானி. ஒரு திரையில் படித்து, இன்னொரு கருவியில் திருகித் திருகி ஏற்றினார்.

அந்தத் திருகலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ரேடியோவின் முகப்பில் இரண்டு எண்கள் ஒளிரும். இடப்பக்கம் இருப்பது இப்போது பேசிக்கொண்டிருக்கும் அதிர்வெண். வலப்பக்கம் இருப்பது காத்திருக்கும் அதிர்வெண். நடுவில் இருதலை அம்பு போட்ட ஒரு பொத்தான். அழுத்தினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பக்கத்தில் ஒரே அச்சில் பெரிதும் சிறிதுமாக இரண்டு திருகுகள். பெரியது மெகாஹெர்ட்ஸை மாற்றும், சிறியது புள்ளிக்குப் பிந்தைய இலக்கங்களை மாற்றும். நம் வீட்டு எஃப்எம் ரேடியோ 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது அல்லவா, அதற்குச் சற்று மேலே 118 முதல் 137 வரை விமானிகளின் பேச்சு நடக்கிறது. 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு அடுக்கினால் 760 தடங்கள். நெரிசல் மிகுந்த ஐரோப்பாவில் ஒவ்வொரு தடத்தையும் மூன்றாக வகிர்ந்து 2,280 ஆக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு பழைய துறையில் இன்னும் ஏன் எஃப்எம் இல்லாமல் ஏஎம் முறையிலேயே பேசுகிறார்கள் என்று கேட்கலாம். காரணம் நல்ல காரணம். எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மட்டும் கேட்கும், மற்றவர் பேசியதே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் கலந்து கீச்சென்று ஒலிக்கும். குழப்பம்தான், ஆனால் இன்னொருவர் பேச முயன்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆபத்தில் இருக்கும் ஒருவரின் மெல்லிய குரல் சுவடில்லாமல் அமுங்கிப் போகக் கூடாது என்பதே இதன் பயன்.

கட்டுப்பாட்டாளர் புது அதிர்வெண் ஒன்றைச் சொல்கிறார். விமானி அதைக் குறித்துக்கொண்டு, திருப்பிச் சொல்லி, குலுங்குகிற விமானத்தில் திருகைப் பிடித்து ஆறு இலக்கத்தையும் கொண்டுவர வேண்டும். பத்து விநாடி குனிந்தார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 155 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் விநாடிக்கு 43 மீட்டர் போகிறது. அவர் நிமிரும்போது 430 மீட்டர் தாண்டியிருக்கும். மலைச்சரிவை ஒட்டிப் பறப்பவருக்கு 430 மீட்டர் சின்ன விஷயம் இல்லை. இலக்கம் ஒன்று தவறினால் அப்புறம் ஆளில்லாத அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

டேப்லெட்டை இணைத்துவிட்டால் இந்தக் காட்சி மாறுகிறது. வரைபடத்தில் புதுச்சேரி விமான நிலையத்தைத் தொட்டால் அதன் அதிர்வெண்கள் விரியும். வேண்டியதைத் தொட்டால் அந்த எண் ரேடியோவின் காத்திருப்புச் சாளரத்தில் போய் உட்காரும். இருதலை அம்பை அழுத்துவது மட்டும் விமானியின் வேலை. கிளைடர் விமானிகள் பயன்படுத்தும் எக்ஸ்சிசோர் என்ற இலவசத் திறமூலச் செயலி, கேஆர்டி2 போன்ற ரேடியோக்களோடு இப்படிப் பேசும். பயன்படுத்துகிறவர்களே எழுதி வளர்த்த மென்பொருள் அது. பெரிய கம்பெனிகள் மட்டுமே இத்துறையில் வேலை செய்கின்றன என்று நினைப்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

காத்திருப்புச் சாளரம் என்பதை வாசகர் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணை டேப்லெட் நேராகப் பேசும் பக்கத்தில் எழுதுவதற்குத் தொழில்நுட்பத்தில் தடை ஏதும் இல்லை. வேண்டுமென்றேதான் காத்திருக்கும் பக்கத்தில் எழுத வைக்கிறார்கள். இந்த இணைப்பின் அறமே இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

விமானத்துக்குள் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழிகள் டேப்லெட்டைவிட மூத்தவை. பயணிகள் விமானங்களில் புழங்குவது ஏஆர்ஐஎன்சி 429 என்ற தரமுறை. 1970களின் பிற்பகுதியில் வந்தது. அதன் கம்பியில் ஒருவர் மட்டுமே பேசலாம். இருபது கருவிகள் வரை கேட்கலாம். கேட்கிற கருவி அதே கம்பியில் பதில் சொல்ல முடியாது. பதில் வேண்டுமென்றால் இன்னொரு கம்பி இழுக்க வேண்டும். கோயில் மணி மாதிரி. ஊரே கேட்கும், ஊர் திருப்பி அடிக்க முடியாது. இன்றைய கணினிக்காரர்களுக்கு இது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் பழுதான ஒரு கருவி, நல்ல கருவியின் வாயில் தன் சொல்லைத் திணிக்க முடியாது என்ற உறுதி அந்த ஒருவழிக் கம்பியில் கிடைக்கிறது.

சிறு விமானங்களில் பெரும்பாலும் புழங்குவது இன்னும் எளிய மொழி, கப்பல்காரர்களிடமிருந்து வந்தது. அமெரிக்கக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983இல் வகுத்த என்எம்இஏ 0183. அதில் செய்தியை ‘வாக்கியம்’ என்றே அழைக்கிறார்கள். ஒரு வாக்கியம் 82 எழுத்துக்கு மேல் போகாது. அடிப்படை வேகம் விநாடிக்கு 4,800 பிட்; அதாவது சுமார் 480 எழுத்து. இன்றைய கைப்பேசி வேகத்துக்கு முன்னால் அது நத்தை. ஆனால் ஆட்டோபைலட்டுக்குத் தேவையான ஆர்எம்பி என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது: பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்பினால் சேரலாம், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போகிறோம், அந்தப் புள்ளியின் அட்சரேகை தீர்க்கரேகை, தூரம், திசை, நெருங்கும் வேகம். கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி, அதன்பின் இரண்டு இலக்கம்.

அந்த இரண்டு இலக்கம் ஒரு காவல். வாக்கியத்தின் எல்லா எழுத்துகளையும் எண்களாக்கி ஒரு குறிப்பிட்ட முறையில் ஒன்றோடொன்று கோத்துக் கடைசியில் கிடைக்கும் விடை அது. பெறுகிற கருவியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்துப்போகாவிட்டால் வழியில் ஏதோ எழுத்து கெட்டிருக்கிறது என்று வாக்கியத்தையே தள்ளிவிடும். ஆனால் அது உறை கிழியாமல் வந்ததா என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே எழுதியது உண்மையா என்று சொல்லாது.

வாக்கியம் சரியாக வந்துவிட்டால் ஆட்டோபைலட் தன் சர்வோ மோட்டார்களைக் கொஞ்சம் முறுக்கும். இறக்கையின் பின்விளிம்புத் தகடுகள் அசையும். விமானம் சாய்ந்து திரும்பும். விலகல் குறையக் குறைய முறுக்கையும் குறைக்கும். மாட்டு வண்டியை மண் பாதையின் சுவட்டுக்குள் வைத்திருப்பவரின் கை அசைவைப் போன்றதுதான் இதுவும்: பெரிதாக இழுப்பதில்லை, சின்னச் சின்னத் திருத்தங்கள். மோட்டாரும் கட்டுப்பாட்டுக் கம்பியும் சேரும் இடத்தில் வழுக்கும் கிளட்ச் ஒன்று உண்டு. ஆட்டோபைலட் அடம்பிடித்தால் விமானி தன் கைப்பலத்தால் அதை மீறலாம். கைப்பிடியில் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானும் இருக்கும்.

இனி கம்பியில்லாத பகுதி. விமானி அறையின் கருவிப் பலகைக்குப் பின்னால் ஒரு சிறு பெட்டி வைக்கிறார்கள். ஒரு பக்கம் அது விமானத்தின் பழைய கம்பிகளோடு பழைய மொழியில் பேசும். இன்னொரு பக்கம் புளூடூத்திலோ வைஃபையிலோ டேப்லெட்டோடு பேசும். மொழிபெயர்ப்பாளர் வேலை. கார்மின் நிறுவனம் 2014இல் ஃப்ளைட் ஸ்ட்ரீம் 210 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. 2016இல் வந்த 510இல் பெட்டியும் போய், பலகையில் உள்ள கருவியின் தரவட்டைப் பொந்தில் செருகும் சிறு அட்டையாகிவிட்டது. டேப்லெட்டில் வகுத்த பாதை பலகைக்குப் போகும். பலகையின் ஜிபிஎஸ் இருப்பிடமும் விமானத்தின் சாய்வு நிலையும் டேப்லெட்டுக்கு வரும். இரண்டாவது பயன் பலருக்குத் தெரியாது. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது. விமானத்திலிருந்து வாங்கினால்தான் அதற்குத் தான் இருக்கும் இடம் தெரியும். 28 நாளுக்கு ஒருமுறை உலகம் முழுக்கப் புதுப்பிக்கப்படும் வான்வழித் தரவுத்தொகுப்பும் இந்த வழியில் ஏறிவிடும். முன்பு விமானிகள் அதற்காகத் தரவட்டையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணினியில் நிரப்பி வந்தார்கள்.

புளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குபவை. விமானி பேசும் ரேடியோவின் அதிர்வெண்ணைவிட இது கிட்டத்தட்ட இருபது மடங்கு மேலே. ஆகவே ஒன்று மற்றொன்றின் குரலில் நேராகக் குறுக்கிடுவதில்லை. புளூடூத் தன் 79 தடங்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை இடம் தாவிக்கொண்டே பேசுகிறது. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால் அடுத்த தாவலில் தப்பித்துக்கொள்ளும். சில மீட்டருக்குள் அடங்கும் பேச்சு, முன்கூட்டியே கடவெண் சொல்லி இணைத்துக்கொண்ட கருவிகளுக்கு மட்டும். கம்பி குறைந்தால் எடையும் குறையும். பெரிய விமானத்தில் இது சின்னக் கணக்கல்ல. ஏர்பஸ் ஏ380 ஒன்றுக்குள் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி ஓடுகிறது. விமானத்துக்குள்ளேயே கருவிகள் கம்பியின்றிப் பேசிக்கொள்ள 4,200 முதல் 4,400 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை 2015இல் நடந்த உலக ரேடியோ மாநாடு ஒதுக்கியிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வசதி. 1995 டிசம்பர் 20 இரவு கொலம்பியாவில் நடந்ததைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசுவது நியாயமில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானம் கலி நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இருபுறமும் மலை, நடுவே பள்ளத்தாக்கு. ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்கு நேராகப் போகலாம் என்று விமானிகள் எண்ணினார்கள். வரைபடத்தில் அதன் அடையாள எழுத்து ‘ஆர்’. கணினியில் ‘ஆர்’ என்று தட்டினார்கள். கணினியின் தரவுத்தொகுப்பில் ‘ஆர்’ என்ற எழுத்துக்கு முதலில் வந்தது ரோசோ அல்ல. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், பொகோட்டாவுக்குப் பக்கத்தில் இருந்த ரோமியோ என்ற இன்னொரு நிலையம். இருவரும் சேர்ந்து சரிபார்க்காமல் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆட்டோபைலட் தனக்குச் சொன்னதைப் பிழையின்றிச் செய்தது. பள்ளத்தாக்கை விட்டு இடப்பக்கம், மலையை நோக்கித் திரும்பியது. தவறு தெரிந்து திருப்பியபோது நேரம் போய்விட்டது. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

அங்கே எந்தக் கம்பியும் அறுந்துபோகவில்லை, எந்த வாக்கியமும் வழியில் கெடவில்லை. உறைக்குள் இருந்த கடிதம்தான் தவறு. டேப்லெட்டிலிருந்து ஆட்டோபைலட்டுக்கு நேர் வழி திறந்துவிட்டால் இத்தகைய தவறு இன்னும் வேகமாக இறக்கை வரைக்கும் போய்ச் சேரும். அதனால்தான் நன்றாக வடிவமைத்த அமைப்புகளில், டேப்லெட்டிலிருந்து வரும் பாதை உடனே செயலுக்கு வராது. ‘புதிய பாதை வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா’ என்று பலகை கேட்கும். விமானி வரைபடத்தில் கோட்டைப் பார்க்க வேண்டும். பிறகு ஏற்க வேண்டும். பிறகு அதைப் பின்தொடரும்படி ஆட்டோபைலட்டை அமர்த்த வேண்டும். ரேடியோவில் காத்திருப்புச் சாளரம் செய்கிற அதே வேலை இது. இடையில் உள்ள இந்த ஒரு தட்டலை ‘தொந்தரவு’ என்று சொல்லி நீக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. கலி மலைச்சரிவில் விழுந்தவர்களுக்கும் நமக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு தட்டல்தான்.

டேப்லெட்டை முழுதாக நம்ப முடியாததற்கு வேறு காரணங்களும் உண்டு. 2015 ஏப்ரல் 28 அன்று அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பல விமானங்கள் கிளம்ப முடியாமல் நின்றன. வாஷிங்டன் விமான நிலையத்தின் வரைபடம் ஒன்று தரவுத்தொகுப்பில் இரண்டு முறை இருந்ததால் விமானிகளின் ஐபேட் செயலி முடங்கிப்போனது. காகிதக் கட்டுகளின் இடத்தில் டேப்லெட் வந்து இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தரையிலேயே இது நடந்ததால் தாமதத்தோடு போயிற்று.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு: வெயில். ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் கத்திரி வெயிலில் நிழலிலேயே நாற்பதைத் தாண்டும். ஹன்சா போன்ற விமானத்தின் தலைமேல் குமிழ் போன்ற கண்ணாடிக் கூரை. ஓடுபாதையில் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். திரையில் வெப்பமானிப் படம் தோன்றி டேப்லெட் தன்னைத்தானே அணைத்துக்கொண்டால் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆளேறிய விமானத்தில் இணைப்பு இப்படி அறுந்தாலும் கெடுதல் இல்லை என்பதைக் கவனியுங்கள். ரேடியோ கடைசி எண்ணிலேயே இருக்கும். பலகையில் ஏற்கெனவே ஏற்ற பாதை அப்படியே இருக்கும். திருகு இருக்கிறது, கை இருக்கிறது. டேப்லெட் போனால் வசதிதான் போகும், விமானம் போகாது. அப்படித்தான் கட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. பலகையானாலும் டேப்லெட்டானாலும் இருப்பிடம் தெரிவது செயற்கைக்கோளிலிருந்துதான். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சமிக்ஞை மிக மெலிந்தது. அதிலும் நாம் வாழும் இடம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கு இங்கே கொந்தளிப்பானது, சமிக்ஞையைத் தாமதப்படுத்திப் பிழை உண்டாக்கும். இதைத் திருத்தவே இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து ககன் அமைப்பை உருவாக்கின. நாடெங்கும் 15 கண்காணிப்பு நிலையங்கள். பெங்களூரும் திருவனந்தபுரமும் அவற்றில் உண்டு. அவை பிழையை அளந்து அனுப்ப, ஜிசாட்-8, ஜிசாட்-10 போன்ற செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தம் விமானங்களுக்கு வருகிறது. 2013 டிசம்பரில் வழிசெலுத்தலுக்கும் 2015 ஏப்ரலில் செங்குத்து வழிகாட்டலோடு தரையிறங்குவதற்கும் ககன் சான்று பெற்றது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் துணையோடு இறங்கிக் காட்டியது.

இயற்கையின் பிழையைத் திருத்தலாம். மனிதர் வேண்டுமென்றே செய்யும் பிழை வேறு. பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞையை உரக்க ஒலிபரப்பினால் கருவி அதை நம்பிவிடும். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் 465 ஜிபிஎஸ் குறுக்கீட்டு நிகழ்வுகள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பொய்யைத் துல்லியமாகக் கடத்தினால் பொய்தான் வந்து சேரும். அப்போது துணைக்கு வருவது ஜே.ஆர்.டி. காலத்துப் பழக்கம்தான்: தலையை நிமிர்த்தி, அண்ணாமலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது.

டேப்லெட்டும் ஆட்டோபைலட்டும் கம்பியின்றிப் பேசுவதைக் கண்ணால் பார்க்க நம்மில் பலர் விமானி அறைக்குப் போக வேண்டியதில்லை, வரப்புக்குப் போனால் போதும். மருந்து தெளிக்கும் ட்ரோன் வேறென்ன? அதன் உள்ளே இருப்பது ஆட்டோபைலட். இயக்குபவர் கையில் இருப்பது டேப்லெட், அல்லது திரை பதித்த ரிமோட். வயலின் நான்கு மூலைகளையும் திரையில் குறித்தால், மேலும் கீழும் கோடு போட்டுத் தெளிக்கும் பாதையைச் செயலியே வகுத்துவிடும். நெல்லுக்கும் கரும்புக்கும் மல்லாட்டைக்கும் அதே வேலைதான். பத்து லிட்டர் தொட்டியோடு ஓர் ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். இரண்டு முனைகளுக்கும் இடையே ட்ரோன்காரர்கள் பலர் பயன்படுத்துவது மேவ்லிங்க் என்ற மொழி. சுவிட்சர்லாந்தில் லோரன்ஸ் மையர் 2009இல் வெளியிட்டது. என்எம்இஏ வாக்கியத்தைப் போலவே இதிலும் ஒவ்வொரு செய்திக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. கூடவே ஓர் அழகான ஏற்பாடு: இரு பக்கமும் விநாடிக்கு ஒருமுறை ‘இதயத்துடிப்பு’ என்ற சின்னச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் இருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. துடிப்பு சில விநாடிகள் வராமல் போனால் இணைப்பு அறுந்தது என்று ட்ரோன் முடிவு செய்யும்.

ஆளேறிய விமானத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் தலைகாட்டுகிறது. ஹன்சாவில் டேப்லெட் அணைந்தால் உள்ளே விமானி இருக்கிறார். ட்ரோனுக்குள் யாரும் இல்லை. திருகுவதற்குத் திருகும் இல்லை. எனவே இணைப்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லி வைத்தாக வேண்டும். அந்தரத்தில் நிற்பதா, இருந்த இடத்திலேயே இறங்குவதா, குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறிக் கிளம்பிய இடத்துக்குத் திரும்புவதா. கடைசிப் பொத்தானை இங்கே முன்கூட்டியே, தரையில் நிற்கும்போதே அழுத்திவிட வேண்டும். 2021 ட்ரோன் விதிகளும் இயக்குபவருக்கான பயிற்சிச் சான்றும் வந்திருப்பது நல்லதுதான். சென்னை குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாக இத்துறையில் உழைத்து வருவதும், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 15,000 குழுக்களை இலக்காக வைத்திருப்பதும் இதைக் கிராமத்துக்குள் கொண்டுவருகின்றன. இனி வரப்பில் டேப்லெட்டோடு நிற்பது பக்கத்து வீட்டு அக்காவாகவே இருக்கலாம்.

ஆகவே வயலுக்கு ட்ரோன் வரும் நாளில், மருந்தைக் கலக்கும் முன், இயக்குபவரிடம் ஒன்று கேளுங்கள்: சிக்னல் போனால் இது எத்தனை அடி உயரத்தில் திரும்பி வரும்? பிறகு ஓரத்துத் தென்னையையும் வயலைக் கடக்கும் மின்கம்பியையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அவர் சொல்லும் எண் அவற்றைவிடக் குறைவாக இருந்தால், மாற்றி வைத்த பிறகு பறக்கவிடச் சொல்லுங்கள்.